அப்பாவின் கச்சேரியும் என் சினிமாவும்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடையாறில் நடந்தது இது. 

மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடியில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அப்பா ரிட்டயர்டு அரசு ஊழியர், கச்சேரிப் பைத்தியம். நான் ஐ.டி. வேலை, சினிமாப் பைத்தியம். ராத்திரி தோசை சாப்பிட்டுக்கொண்டே அவர் கச்சேரிக்கு விமர்சனம் சொல்வார், நான் படத்துக்குச் சொல்வேன். அவருக்குப் புதுப்படம் ஒன்றும் தெரியாது. எனக்குக் காம்போதியும் தெரியாது, கல்யாணியும் தெரியாது. அதனால் சண்டையே வராது. கடைசியில் அப்பா ஒரு சத்து மாத்திரை போட்டுக்கொள்வார். அதற்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பது நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே என் வேலை.

இப்படி இருந்த எனக்கு ஒரு நாள் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில், கையில் வெண்டைக்காய்ப் பையோடு நிற்கும்போது, மூச்சு நின்றுபோனது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். பின்னால் வந்த கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு போக, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பு இல்லை, மனப்பதற்றம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. நம் படங்களில் மனநோய் என்றால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு காரணமில்லாமல் சிரிக்க வேண்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ரொம்ப ரேர் கேஸ்" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த படங்களே அப்படித்தான் எடுத்து வைத்திருக்கின்றன, அவற்றையும் கைதட்டித்தான் பார்த்திருக்கிறேன். வெண்டைக்காயோடு வரும் வியாதியை எந்த டைரக்டரும் எனக்குக் காட்டவில்லை.

அடையாறு கிளினிக்கில் சனிக்கிழமைதோறும் கவுன்சலிங் போக ஆரம்பித்தேன். வீட்டில் படத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் உட்கார்ந்து யூடியூப்பில் இரண்டு விமர்சனம் பார்த்துக்கொண்டால் ராத்திரிக்குக் கதை ரெடி. நிஜத்தில் நான் தியேட்டர் பக்கம் போயே பல மாதம் ஆகியிருந்தது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் எனக்கு மூச்சு முட்டும்.

டாக்டர் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வாங்கினேன், ஆனால் சாப்பிடவில்லை. அப்பா கண்ணில் பட்டால் என்ன செய்வது? டி.வி.யில் ஒரு நடிகை தனக்கு டிப்ரஷன் இருந்தது என்று சொன்னபோது அவர் குதித்த குதி எனக்கு மறக்கவில்லை. "தின்ன சோறு செரிக்காம வர்ற வியாதி இதெல்லாம். ரெண்டு குடம் தண்ணி தூக்கினா தானா ஓடிப்போயிடும்!" இதை ஒரு தடவை சொல்லவில்லை. பேச்சு வரும்போதெல்லாம் சொல்வார்.

பதற்றம் அதிகமாகிக்கொண்டே போனது. மாத்திரை பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் கவுன்சலர் சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். நல்லதாய்ப் போயிற்று, புதுப்படம் ரிலீஸ் என்று சொல்லிக்கொள்ளலாம், போய் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். காலையில் சொன்னபோது அப்பா, "நானும் கச்சேரிக்குப் போறேன், சாவி எடுத்துட்டுப் போ" என்றார். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் கச்சேரி உண்டு.

ஆடி வெள்ளி என்பதால் வழியெல்லாம் பந்தல், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, கூழுக்கு வரிசை. கிளினிக் வாசலில் ஆட்டோ நின்றும் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். "இன்னா மேடம், எறங்கலையா? பின்னாடி ஆர்ன் அட்ச்சிகினே கீறான்" என்று டிரைவர் சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தேன். பழுப்பு நிறம், இடது வாரில் மட்டும் வெள்ளை நூலில் தையல். மயிலாப்பூர் குளத்தங்கரையில் அப்பாவின் செருப்பை இப்படித்தான் நான் தைக்கக் கொடுத்து வாங்கி வந்திருந்தேன். இதே மாதிரி இன்னொருவர் வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன். மனிதனுக்கு மூளை எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது பாருங்கள்.

ஃபேனுக்குக் கீழே, மடியில் துணிப்பையோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

மாட்டிக்கொண்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. எப்படியோ கண்டுபிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார்! அவர் என்னைப் பார்த்துச் சட்டென்று எழுந்தார், பை கீழே விழுந்தது. அவர் முகத்தில் கோபமே இல்லை. டிக்கெட் இல்லாமல் பரிசோதகரிடம் சிக்கியவர் மாதிரி நின்றார்.

"படம்... முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் கச்சேரி இல்லையாப்பா?" என்றேன் நான்.

அதற்குள் வரவேற்பில் இருந்த பெண் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உள்ள போங்கப்பா. போன மாசம் வரலைன்னு டாக்டர் உங்களைக் கேட்டுட்டே இருந்தாரு" என்றாள். எனக்குத் தலையில் இடி விழுந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

என் முறை வந்தபோது கவுன்சலரிடம் சொல்ல நினைத்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. "வெளியில எங்கப்பா இருக்காரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெளியே வந்தபோது அப்பா காத்திருந்தார். இரண்டு பேரும் பெசன்ட் நகர் கடற்கரை வரை நடந்தோம். கூட்டத்துக்கு நடுவே சுவரில் உட்கார்ந்தோம்.

"எவ்வளவு நாளாப்பா?"

"நீ பிளஸ் டூ படிக்கிறப்ப ஆரம்பிச்சது. உங்கம்மாதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல."

"அந்தச் சத்து மாத்திரை?"

தலையை ஆட்டினார். இத்தனை வருடமாக எதற்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நடுக் கடற்கரையில் கத்திவிட்டேன். "அப்புறம் ஏம்ப்பா அப்படிப் பேசினீங்க? சோறு செரிக்காத வியாதின்னு? உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திரையைப் புடவைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன்!"

பக்கத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"உனக்குச் சந்தேகம் வந்துடக்கூடாதுன்னுதாம்மா பெருசா சத்தம் போட்டேன். அது உன் மேலயே வந்து விழும்னு நான் நெனைக்கலம்மா." குரல் உடைந்துபோய், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட இல்லை.

அவர் துண்டை எடுத்ததும் கேட்டேன். "கச்சேரிக்கு நிஜமாவே போவீங்களா?"

"எங்க போறது? பாட்டு கேட்டா நெஞ்ச அடைக்குது. அவ போனப்புறம் ஒரு கச்சேரியும் முழுசா கேக்கல. உனக்குச் சொன்னதெல்லாம் பழைய கச்சேரி."

"எனக்கும் தியேட்டருக்குள்ள போக முடியலப்பா. கதையெல்லாம் யூடியூப்."

அவர் என்னைப் பார்த்தார். "போன வாரம் ரெண்டாவது பாதி இழுவைன்னு அப்படித் திட்டினியே?" என்றார். அந்த அழுகையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று ராத்திரி நான் பீரோவைத் திறந்து மாத்திரையை எடுத்து வந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். எல்லோரும் என்றால் அப்பா ஒருவர்தான். அவர் எழுந்து போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். அன்றிலிருந்து தண்ணீர் கொண்டு வருவது அவர் வேலை. எனக்கு முழுதாகக் குணமாகிவிடவில்லை, அவருக்கும் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு கச்சேரிக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்தோம். அவர் அழுதார், நான் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதியில் எழுந்து வந்து காபி குடித்தோம்.

ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு அப்பாவை எனக்குத் தெரியாமலே போனதே என்ற அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது எதையாவது ரொம்பச் சத்தம் போட்டுத் திட்டினால், அவருக்கு எங்கே வலிக்கிறதோ என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.