திரைக்குப் பின்னாலிருந்து நேரடி வர்ணனை

'பணியாளர் நலப் பிரதிநிதி: மென்மையாகப் பேசுபவர், பிறர் அந்தரங்கத்தைத் தம்முடையதுபோல் காப்பவர், எந்தச் சூழலிலும் நிதானம் இழக்காதவர்.' சலவைக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதியிருந்தது. அதன் கீழே ஒட்டியிருந்த புகைப்படம் சைரனுடையது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் கூடம் அது. இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமும். பக்கத்தில் நிற்பவளிடம் மணி கேட்கக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மற்றப் பெண்கள் வாசலைத் தாண்டியதும் குரலை இறக்கிக்கொள்வார்கள். சைரனுக்கு அது கைவரவில்லை. வீட்டில் அவள் கணவனிடம் ரகசியம் சொன்னால், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலருகே வந்து யோசனை சொல்வார்.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டபோது அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். வராதவளை ஒருமனதாகத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வசதி உண்டு, மறுக்க ஆளிருக்காது.

முதல் பொறுப்பு, கூடத்துப் பெண்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது. சுகாதார நிலையம் அடுத்த தெருவில்தான். சைரன் வரிசை வரிசையாகப் போய்ப் பேசினாள். "பயப்படாதீங்கடி. நான் போன வருஷமே பண்ணிக்கிட்டேன். விரல்ல ஒரு குத்து, ரெண்டு சொட்டு ரத்தம், முடிஞ்சுது."

அவள் பண்ணிக்கொள்ளவில்லை. மருந்து வாடை பட்டாலே அவளுக்குக் கண் இருட்டும். ஆனால் பொய்யைக்கூட அவள் இவ்வளவு உரக்கச் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள், நாத்தனாரைத் தவிர.

நாத்தனார் கணவனின் தங்கை. மடிப்பு மேசையில் சைரனுக்கு ஜோடியும் அவள்தான். விரிப்பை மடிக்க இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து நிற்க வேண்டும். ஒருத்தியின் மனம் அலைந்தால் அவள் பக்கத்து மூலை இறங்கிவிடும். பல வருடமாக ஒரே துணியைப் பிடித்து நிற்பவர்களுக்குள் ஒளிவுமறைவு சிரமம்.

"அண்ணி, 'விரல்ல குத்து'ன்னு சொல்றப்பல்லாம் உங்க மூலை தொங்குது."

"துணி ஈரமா இருக்கு."

"இப்பத்தான் உலர்த்தி வந்துச்சு."

"சரி, என்னை விடு. நீ வர்றியா இல்லையா?"

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. எதுக்கு வரணும்?"

இந்த முறை நாத்தனாரின் மூலை இறங்கியது. ஏனென்று சைரனுக்குத் தெரியும். மாமியாரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் இந்த நோயின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு மாமியார் அதிக நாள் இருக்கவில்லை. பெயர் தெரிந்ததால்தான் அம்மா போனாள் என்பது நாத்தனாரின் கட்சி. இவளையும் அப்படி இழக்க சைரன் தயாராக இல்லை.

"எனக்குத் துணைக்கு வா. பையைப் பிடிச்சுக்கிட்டு வெளியில உட்காரு. போதும்."

"வெறும் துணைக்குத்தான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு கல்யாண வீட்டுக் கூச்சலோடு ஊர்வலம் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தது. நர்ஸ் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். உள்ளே திரைக்குப் பின்னால் படுக்க வேண்டும், கர்ப்பப்பை வாயிலிருந்து சின்ன பிரஷ்ஷால் கொஞ்சம் வழித்தெடுப்பார், அவ்வளவுதான்.

எல்லாத் தலைகளும் ஒரே சீராகச் சைரன் பக்கம் திரும்பின.

"உனக்கு விரல் எங்கடி இருக்கு?" என்றாள் இஸ்திரிக்காரி.

பெஞ்சே குலுங்கும்படி சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை, பையோடு எழுந்தாள். "பண்ணிக்காமலே எங்களை இழுத்துட்டு வந்தீங்களா அண்ணி? நான் கிளம்பறேன்."

சைரனுக்கு ஏற்கெனவே கண் இருட்டிக்கொண்டிருந்தது. கதவு வலது பக்கம், திரை இடது பக்கம். "உட்காரு. நான் போயிட்டு வந்து சொல்றேன்," என்றாள்.

போய்விட்டு வந்து சொல்லும் பொறுமையெல்லாம் அவளுக்கு ஏது?

"படுத்தாச்சு," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மேல ஒரு பல்லி. என்னையே பாக்குது."

"கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா," என்றார் நர்ஸ்.

"இதாங்க மெதுவா. ஐயோ, ஜில்லுன்னு இருக்கே. சொல்லிட்டு வைக்கக்கூடாதா?"

"வலிக்குதா?" வெளியிலிருந்து ஒருத்தி.

"வலி இல்லடி. வெக்கமாத்தான் இருக்கு."

"உனக்கா?" என்றாள் இஸ்திரிக்காரி. வாசலில் இருந்த காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக்கே போய்விட்டார்.

"இப்ப என்னமோ சுரண்டுற மாதிரி இருக்கு. எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சுதும்மா. எழுந்திரிங்க."

"முடிஞ்சுதா? நான் இன்னும் பயப்படவே ஆரம்பிக்கலையே."

இப்போது நாத்தனாரும் சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதில் எவ்வளவு சிரிப்பு என்று யாரும் விசாரிக்கவில்லை. சைரன் வெளியே வந்ததும் பையை அவள் கையில் திணித்தாள்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பண்ணிக்கலாமா?"

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தாம்மா இது."

நாத்தனார் திரையருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, நான் வெளியில வர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது."

பரிசோதனை முடிவு வந்தது. சைரனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. நாத்தனாருக்குக் கர்ப்பப்பை வாயின் செல்கள் சற்றே மாறியிருந்தன. புற்றுநோய் இல்லை, கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் அப்படி ஆகக்கூடும் என்றார் டாக்டர். சின்ன சிகிச்சை. காலையில் போனவள் சாயங்காலம் வீடு திரும்பினாள். அடுத்த வாரம் மடிப்பு மேசையில் துணியை வெடுக்கென்று இழுத்து, "அண்ணி, உங்க மூலை," என்றாள்.

பிரதிநிதி தம் கடமையை 'அமைதியாகவும் கண்ணியமாகவும்' நிறைவேற்றியதாக மேனேஜர் பலகையில் பாராட்டு ஒட்டினார். நடந்தது இதுதான்: அவள் முதல் ஆளாக உள்ளே போனாள், படுத்தது முதல் எழுந்தது வரை பேசினாள், பிறகு நாத்தனார் வெளியே வரும்வரை வாய் திறக்காமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.