மைக்கைப் பிடுங்கிய கை

நொடிக்கு ஆறு. இந்த எண்ணை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் சாரம் பகுதியில் குடியிருக்கும் ஓவியன் இளஞ்செழியன் பாடும்போது ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால், அவன் குரல் ஒரு நொடியில் இத்தனை தடவை ஆடும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் சுற்றுமே, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி, பொதுக்கூட்டம், அந்த விளம்பரங்களைப் பதிவு செய்து கொடுக்கும் பரீதா.

இளஞ்செழியனுக்கு வயது நாற்பத்தேழு. சுவரில் படம் போடுகிறவன். அவன் பாணி ஒரே கோடு. தூரிகையைச் சுவரில் வைத்தால் படம் முடிகிற வரைக்கும் எடுக்க மாட்டான். மீன் கூடையோடு நிற்கும் பெண்ணோ, சைக்கிளில் டபுள்ஸ் போகிறவர்களோ, படுத்திருக்கும் நாயோ, எல்லாம் ஒரே இழுப்புதான். இழுத்து முடிக்கிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். கடற்கரைப் பக்கம் காபிக் கடை திறக்கிறவர்கள் அவனைத் தேடிச் சாரத்துக்கு வருவார்கள். கை ஒன்றுதான் அவன் சொத்து. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, சங்கம் கிடையாது. கை நின்றால் அடுப்பு நிற்கும்.

அவனைப் பற்றி ஊரே அறிந்த இன்னொரு சேதி, அவன் குடிக்க மாட்டான். புதுச்சேரியில் இது சின்ன விஷயம் இல்லை. தெருவுக்குத் தெரு கடையைத் திறந்து வைத்துவிட்டு, குடித்தவனைப் பார்த்து முகம் சுளிக்கிற ஊர் இது. சுவர் வேலை முடிந்த அன்று கடை முதலாளி பாட்டிலைத் திறந்தால், இவன் தூரிகையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு வாய் எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தியவரின் அடுத்த கடைக்கு வேலை செய்ய மறுத்தவன்.

காரணம் அவன் அப்பா ராமலிங்கம். அவர் மில் தொழிலாளி. தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற வேலை. ஒரு கட்டத்தில் விரல் நடுங்கத் தொடங்கியது. முடிச்சு விழவில்லை. காலையில் ஒரு கிளாஸ் போட்டால்தான் கை நிற்கிறது என்பார். எந்தக் குடிகாரன்தான் அப்படிச் சொல்லவில்லை என்று ஊர் சிரித்தது. மில்லில் தறியை விட்டு இறக்கி, கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். இளஞ்செழியன் பள்ளிக்கூடம் போகிற வழியில் பையன்கள் கையை உதறி உதறி நடந்து காட்டுவார்கள். இந்த ஆளைப்போல ஆகமாட்டேன் என்று அன்றைக்குப் பிடித்த வீம்பு. அவன் வாழ்க்கை முழுக்க அந்த வீம்பின் மேல்தான் நின்றது.

இனி பாட்டு. பரீதா வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார். பெயர், ‘குறை மட்டும்’. ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் பாடி அனுப்பலாம். கேட்டவர் ஒரு குறை சொல்ல வேண்டும். சூப்பர் என்று போட்டால், கைதட்டும் படம் போட்டால், ஒரு வாரம் குழுவுக்கு வெளியே. குறை சொன்னவர் மேல் கோபப்பட்டாலும் அதே தண்டனை. கடை முதலாளிகள் தங்கள் விளம்பரத்தைத் தாங்களே பாட வந்து, ஸ்டுடியோவில் இருக்கிறவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று பல்லிளிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் அவர் போட்ட சட்டம்.

இளஞ்செழியனுக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. அவன் எந்தச் சுவரில் எதை வரைந்தாலும் பாராட்டுதான். தூரத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். பாட்டிலாவது ஒருத்தர் உண்மையைச் சொல்லட்டுமே என்று சேர்ந்தான். சொன்னார்கள். பல்லவி பாதியில் மூச்சு வாங்குகிறாய் என்றார்கள். சொல்லை நடுவில் வெட்டுகிறாய் என்றார்கள். கோடு இழுக்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு பாடினால் வேறு என்ன ஆகும் என்று அவனே சிரித்துத் திருத்திக்கொண்டான்.

ஒரு ஞாயிறு, பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடி அனுப்பினான். கடைசி வரியை நன்றாக இழுத்திருந்தான். பெரிய மார்க்கெட்டில் மசாலாச் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம் பேசியே பதில் அனுப்பினார். கிண்டலான மனுஷன், கெட்ட மனசு கிடையாது.

“செழியா, குறை ஒண்ணே ஒண்ணுதான். ஊத்திக்கினு பாடாத. குரல் ஆடுது.”

குழுவே சிரித்தது. இன்னொருவரும் ஆமாம், ஆடுகிறது என்றார். மூன்றாவது ஆள், போன மாசத்திலிருந்தே கவனிக்கிறேன் என்றார். இளஞ்செழியன் போனைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றான். கோபப்படக்கூடாது என்பது சட்டம். கோபம் வரவும் இல்லை. கையூம் பேசியதை மறுபடி போட்டுக் கேட்டான்.

அவன் மனைவி கார்குழலி, தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். கையூம் பேசியது அவள் காதிலும் விழுந்தது. அரிவாள்மணையில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க வெளிய எங்கயாச்சும்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

போலீஸ்காரன் பைக்கை நிறுத்தி ஊதச் சொல்வான் இல்லையா, அதுபோல அவள் முகத்துக்கு நேரே போய் ஊதிக் காட்டினான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளே கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பரீதா கூப்பிட்டார். குழுவில் பேச வேண்டாம், நேரில் ஸ்டுடியோவுக்கு வா என்றார். போனான். இதுவரை அவன் அனுப்பிய பாட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக ஏற்றி வைத்திருந்தார். குரல் திரையில் அலையாக ஓடியது. அவன் சுரத்தை இழுத்த இடங்களில் எல்லாம் அலையின் முதுகில் சின்னச் சின்ன மேடு. ஒரு நொடியைக் கோடு போட்டுப் பிரித்து எண்ணிக் காட்டினார். ஆறு. அடுத்த பாட்டிலும் ஆறு. முதல் பாட்டில்கூட ஆறுதான், மேடு மட்டும் சின்னது. வர வரப் பெரிசாகியிருந்தது.

“கையூம் பாய் சொன்னது தப்பு, தம்பி,” என்றார் பரீதா. “போட்டுக்கினு வந்து எத்தனை பேர் இந்த மைக்குல பேசியிருக்கான். அவன் குரல் தள்ளாடும், கணக்கே இருக்காது. உன்னுது கடிகாரம் மாதிரி ஆடுது. கைய நீட்டு.”

நீட்டினான். புறங்கையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாளின் ஓரம் படபடத்தது. ஏசி காற்று, அக்கா, என்றான். பரீதா எழுந்து போய் ஏசியை நிறுத்திவிட்டு வந்தார். தாள் நிற்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கடற்கரைப் பக்கக் காபிக் கடை ஒன்றுக்குப் போனான். அவன் கடைசியாக வரைந்த பெண் முகம் அங்கே இருந்தது. மூக்கு சுவரில் படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். தோடு தொங்கும் காதிலிருந்து தாடை வரைக்கும் இறங்குகிற கோடு நேராக இல்லை. மேலிருந்து கீழ்வரை சீராக அலை அலையாக இறங்கியிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரெண்டு மூணு வருஷமாக மெல்லிய தூரிகையை அவன் தொடவே இல்லை. பட்டைத் தூரிகைக்கு மாறியிருந்தான். வயசுக்கு ஏற்ற முதிர்ச்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். பட்டைத் தூரிகை நடுக்கத்தை விழுங்கியிருக்கிறது. விழுங்காமல் மிஞ்சியதை ஜனம் பாராட்டியிருக்கிறது. கோட்டில் உயிர் துடிக்கிறது என்று இந்தக் கடைக்காரரே சொன்னார். துடித்தது உயிர் இல்லை. பாராட்டு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். படத்தை ஆயிரம் பேர் பார்த்தும் சொல்லாததை, அரைகுறைப் பாட்டைக் கேட்ட நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

கார்குழலி லீவு போட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் ஒரு தாளில் நத்தைக்கூடு மாதிரி சுருள் வரையச் சொன்னார். ஆயிரம் சுவர் வரைந்தவன் அதை வரைந்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. இது உயிரை எடுக்காது என்றார் டாக்டர். கைக்கும் வரும், சிலருக்குக் குரலுக்கும் வரும். மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், அடியோடு போகாது. மெல்லிய கோட்டை மறந்துவிட வேண்டியதுதான், மற்ற வேலையை ரொம்ப வருஷம் செய்யலாம். அப்புறம், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றான். கார்குழலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு நடுங்கும், ஆனால் அது குடியால் வந்தது, அவர் இப்போது இல்லை என்றான்.

“குடிச்சா கூடுமா, குறையுமா?” என்றார் டாக்டர்.

“காலைல ஒரு கிளாஸ் போட்டாதான் கை நிக்கும்னு சொல்வாரு.”

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். இந்த நடுக்கம் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான், குடித்தால் கொஞ்ச நேரம் நடுக்கம் அடங்கும். அதை மருந்தென்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். இறந்துபோனவரைச் சோதிக்க முடியாது, ஆனால் இது குடும்பத்தில் இறங்கி வருகிற வியாதி. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

வெளியே வந்து மரத்தடியில் ஸ்கூட்டரை எடுக்காமல் நின்றான். அவன் கண்முன் நின்றது மில் இல்லை, துடைப்பம் இல்லை. அவனுடைய கல்யாணம்.

ஐயர் இல்லாத கல்யாணம். தலைமை தாங்க ஒருவர், வாழ்த்த நாலு பேர், மாலை மாற்றினால் முடிந்தது. குடித்துவிட்டு மேடை ஏறக்கூடாது என்று அப்பாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தான். சத்தியம் செய்து கொடுத்தார். வாழ்த்திப் பேசச் சொன்னபோது அவர் பேசவில்லை, மைக்கைப் பிடித்துப் பாடினார். மகனுக்காகத் தானே கட்டிய ரெண்டு வரி. குரல் நடுங்கியது. மைக்கும் நடுங்கிப் பல்லில் இடித்தது. மாப்பிள்ளையின் அப்பா காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் என்று பந்தலில் ஒருவன் சொல்ல, சிரிப்பு பரவியது. இளஞ்செழியன் மாலையும் கழுத்துமாக எழுந்து போய், அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். ராமலிங்கம் இறங்கிப் போய்விட்டார். மகன் கல்யாணச் சோறு அவர் சாப்பிடவில்லை. அதன் பிறகு சாகிற வரைக்கும் மகன் காதுபடப் பாடவும் இல்லை.

டாக்டர் சொன்னது சரியென்றால் ஒரு கேள்வி இருக்கிறது. குடித்தால் அடங்குகிற நடுக்கம் அன்றைக்கு ஏன் அடங்கவில்லை?

அவன் கேட்காமலே கார்குழலி சொன்னாள். “மாமா அன்னிக்குப் பாடறதுக்கு முன்னாடி என் தலைமேல கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணாரு. சாராய வாசனையே இல்லீங்க. சந்தனம்தான் வந்துது.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“கல்யாணப் பொண்ணு சொல்லி நீங்க கேட்டிருப்பீங்களா? எப்பவாச்சும் மாமா பேச்ச எடுக்க வுட்டீங்களா?”

கல்யாண வீடியோ கார்குழலியின் போனில் இருந்தது. சி.டி. கெட்டுப்போகும் என்று அவள் என்றைக்கோ மாற்றி வைத்தது. அவன் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் அப்படியே பரீதாவின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். விஷயத்தைக் கார்குழலிதான் சொன்னாள். பரீதா போனை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். பந்தல் சிரிப்பை அடக்கினார். பாத்திரச் சத்தத்தை எடுத்தார். கடைசியில் ராமலிங்கத்தின் குரல் மட்டும் அறையில் தனியாக நின்றது. ரெண்டாவது வரியின் கடைசி எழுத்தை அவர் இழுத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு கரகரப்பு, மைக் கை மாறுகிற சத்தம்.

பரீதா அந்த இழுப்பில் ஒரு நொடியைப் பிரித்துத் திரையில் பெரிசாக்கினார். எண்ணவில்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்று, இளஞ்செழியனை உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான். மைக்கைப் பிடுங்கிய அதே கையை நீட்டி, ஆடுகிற விரலால் மேடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

ஆறு.