துடைத்த விரல்

புது மாடல் லேப்டாப்பில் ஆன் செய்யும் பட்டனிலேயே கைரேகை பார்க்கும் வேலையையும் வைத்துவிட்டார்கள். என்னுடையது அடிக்கடி அடம்பிடித்ததால் சித்தூரில் சர்வீஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் நின்றார். அவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததும் அதே மாடல்தான். விரலை வேட்டியில் துடைத்துப் பட்டனைத் தொட்டார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தார், மறுபடி தொட்டார்.

"என்ற புள்ளையோடதுங்க. போன மாசம் காய்ச்சல்ல போயிட்டா. அவ போட்டோ, பேசுனது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுங்க. நான் தொட்டா, 'சேத்துக் கைக்குத் தெறக்காதுப்பா, தொடச்சுட்டு வாங்க'ன்னு சிரிப்பா."

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அழுக்குனால இல்லைங்க. அது அவங்க விரலுக்கு மட்டுந்தான் தெறக்கும். பாஸ்வேர்டு தெரியலைன்னா, உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டுத்தான் தெறக்கோணும்."

"அழிக்க வேண்டாமுங்க" என்று அவசரமாக அதை மூடினார். பிறகு தன் விரலையே பார்த்தபடி கேட்டார்.

"அப்ப என்ற கை சுத்தமாத்தான் இருந்துதுங்களா?"

அவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

என் லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தார்கள். இப்போது தொட்டவுடன் திறந்துகொள்கிறது. அவ்வளவு சுலபமாகத் திறப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.