புதுத்துணி வாங்காத வருஷம்

அப்பா ஆலையிலிருந்து வந்தால் அவருக்கு முன்னால் எண்ணெயும் கஞ்சிப் பசையும் கலந்த ஒரு வாடை வீட்டுக்குள் வரும். அவர் புருவத்திலும் காதோர மயிரிலும் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பிய்த்தெடுப்பது என் வேலை. குருசுக்குப்பத்திலேயே மீன் நாற்றம் அடிக்காத ஆம்பிளை தன் புருஷன்தான் என்று அம்மாவுக்கு ஒரு கர்வம் உண்டு. வலையை விட்டு அவர் தறிக்குப் போய் அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போன சில வருஷங்களில் ஆலை முதலாளிகள் துணி விலையை ஏற்றினார்கள். அதை எதிர்த்துச் சாரத்துத் திடலில் ஒரு தலைவர் பேசினார். "பஞ்சுக்குப் பஞ்சமா? இல்லை. நூலுக்குப் பஞ்சமா? இல்லை. முதலாளியின் நெஞ்சில்தான் பஞ்சம்" என்று அவர் நிறுத்தியபோது அப்பா கைதட்டிய தட்டில் எனக்குக் காது அடைத்துவிட்டது. விலை இறங்கும்வரை கிழிந்ததைத் தைத்துக் கட்டுவோம், புதுத்துணி வீட்டுக்குள் வராது என்று கூட்டத்தையே கை உயர்த்தச் சொன்னார் தலைவர். அப்பா தன் கையோடு என் கையையும் பிடித்துத் தூக்கினார்.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "நீங்க நெய்யற துணிய ஊருல ஒருத்தரும் வாங்கலன்னா, அப்புறம் எதுக்கு உங்கள வேலைக்கு வச்சிருப்பான்?"

"அவரு மொதலாளியத் திட்டறாரு. நம்மளயா திட்டறாரு? சும்மா கெட."

ஒட்டுப்போட்ட துணிதான் அந்த வருஷத்து நாகரிகம். அப்பா தன் சட்டைக்குச் சிவப்பு நூலில் தையல் போடச் சொன்னார், "தெரியட்டும்" என்று. கிறிஸ்துமஸ் பூசைக்கு அந்தச் சட்டையோடுதான் போனார். நானும் தோளில் ஒட்டுப்போட்ட பாவாடை சட்டையில் தலை நிமிர்ந்து நடந்தேன். கடைகளில் துணி தேங்கியது, பிறகு ஆலைக் கிடங்கிலும் தேங்கியது. பொங்கல் கழிந்ததும் தறிகளில் பாதியை நிறுத்தி, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவும் அதில் ஒருவர்.

"நம்ம தலயில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோம்" என்றாள் அம்மா.

சித்திரையில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள், விலையும் இறங்கியது. அதே திடலில் வெற்றிக் கூட்டம். தலைவர் கழுத்து நிறைய நூல் மாலை. "சில தோழர்களின் தியாகத்தால் கிடைத்த வெற்றி இது" என்று அவர் சொன்னதும் அப்பா குனிந்து என்னிடம், "நம்மளத்தான் சொல்றாரு" என்றார். சொல்லிவிட்டு எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

ஆனாலும் ஆலையில் அப்பாவைத் திரும்ப எடுக்கவில்லை. மறுநாள் முதல் அவர் வைத்திக்குப்பத்தில் அடுத்தவர் வலையைக் கூலிக்கு இழுத்தார். மலிந்த துணியை ஊரே அள்ளிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக்குள் அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை.

இப்போது அந்த ஆலை இல்லை, திடலில் வீடுகள் வந்துவிட்டன, அப்பாவும் அம்மாவும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். தலைவர் பேசியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆகவே அவர்மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை. சாகும்வரை அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி, "நாம ஜெயிச்சோம்" என்றுதான் முடிப்பார். அப்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆமாம் என்று சொல்ல நான் ஒருத்திதான் அங்கே இருப்பேன், சொல்லுவேன்.