குறைத்துக் கேட்டவள்

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்தோம். நான் கொழுந்து பறித்தேன், அவர் செடிகளின் தலையைத் தறித்துக் கவ்வாத்து வெட்டினார். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

அந்த லயத்தில் வேதக்காரர்கள் நாங்கள் மட்டும்தான். சாயங்காலம் குப்பி விளக்கை ஏற்றியதும் இரண்டு பேரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்வோம். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை நான் சொல்வேன், மறுபாதியை அவர் சொல்வார். அடுத்த காம்பராவில் இருந்தவள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பம். அவளுடைய கைப்பிள்ளை எங்கள் செபத்தைக் கேட்டால்தான் தூங்கும். உங்கள் சாமி நன்றாகத் தாலாட்டுகிறது என்று கேலி செய்வாள்.

ஒரு மழைக்காலத்தில் சரிவில் கால் வழுக்கி, கையிலிருந்த கவ்வாத்துக் கத்தி என் வீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் கட்டுப் போட்டார். அப்படியும் புண் சீழ் பிடித்து, கால் கறுத்து, காய்ச்சலும் வந்தது. லாரியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நாள் பார்ப்போம், சரிவராவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார்.

கால் இல்லாத ஆளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? தோட்டத்துக் கணக்கிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள், காம்பராவும் போகும். அதனால் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கால். பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரி. ஹட்டன் கடைத்தெருவில் நான் சேலைக்கு விலை கேட்கத் தொடங்கினால் என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார். போதாக்குறைக்கு, கேட்டுக்கொண்டே இரு, விட்டுவிடாதே என்று எங்கள் கோயில் உபதேசியாரும் சொல்லியிருந்தார். விடுவேனா? விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும்போது கேட்டேன். செடிகளுக்கு நடுவே என் நெரையில் நின்று கொழுந்து பறிக்கும்போது கேட்டேன். சாயங்காலம் செபமாலையின் இரண்டு பாதிகளையும் நானே சொல்லிக் கேட்டேன். மாதாவுக்கே சலித்திருக்கும்.

ஒரு நாள் கங்காணி மலைக்கு ஏறி வந்து, நெரைக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஆஸ்பத்திரியிலருந்து சேதி வந்திருக்கும்மா. கால எடுத்துட்டாங்களாம். நீ போயிட்டு வா."

கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு டிக்கோயாவுக்கு நடந்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. காய்ச்சல் இறங்கினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கால் போய்விட்டது என்பது மட்டும்தான் ஏறியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றினேன். செபமாலையை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டது இல்லையென்று ஆன பிறகு கடைவாசலில் நின்று என்ன பேசுவது என்று தெரியவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். ஏன் செபச் சத்தம் இல்லை என்று கேட்டாள். பிள்ளை தூங்கவில்லை என்று சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். காலே போய்விட்டது, இனி எதைக் கேட்பது என்றேன். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ கால கேட்டியா? நான் உசிரத்தானே கேட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரிடம் கேட்டாய் என்றேன்.

"ஒங்க மாதாகிட்டதான். நீ அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல, நான் இந்தப் பக்கம் கும்புட்டுக்கிட்டு நின்னேன். கால் போனாலும் பரவால்ல, மனுசன் வந்தாப் போதும்னு கேட்டேன். காய்ச்ச இன்னும் எறங்கல. நீ பாதியில நிறுத்திட்டா நான் எப்புடிக் கேக்குறது? எனக்குத் தனியாச் சொல்லத் தெரியாதே, தங்கச்சி."

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. நான் ஒரு விலை கேட்டுக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் ஒருத்தி வந்து குறைத்துக் கேட்டால் கடைக்காரன் எதைக் கொடுப்பான்? இவளால்தான் கால் போனதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே கேள்வி என் பக்கம் திரும்பியது. உயிரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கட்டியவள் நான். காம்பராவை நினைத்தேன், வேலையை நினைத்தேன். அவர் செத்துப்போகக்கூடும் என்பதை நினைக்கவே இல்லை. நினைக்கப் பயந்தேனோ என்னவோ, இன்றுவரை தெரியாது.

அவள் திரும்பித் தன் காம்பராவுக்குப் போய்விட்டாள். நான் செபமாலையை எடுத்து முழங்காலில் நின்றேன். எதைக் கேட்பது என்றே விளங்கவில்லை. ஒன்றும் கேட்காமலே முதல் பாதியைச் சொன்னேன். மறுபாதி வரவில்லை. அது அவர் சொல்லும் பாதி.

சுவருக்கு மேலே இருந்து அது வந்தது. அக்காவின் குரல். தினமும் கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்த மறுபாதியைத் தாலாட்டுகிற இழுவையில், பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். நான் அடுத்த மணியைப் பிடித்து முதல் பாதியைச் சொன்னேன். அவள் மறுபாதியைச் சொன்னாள். அப்படியே ஐம்பத்துமூன்று மணியும் உருண்டது. நான் அழுதேன். அவள் அழுதாளா என்று தெரியாது, பிள்ளை மட்டும் தூங்கிவிட்டது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான் சொன்னோம். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. மழை விட்டபோது அவர் கோல் ஊன்றி வந்து சேர்ந்தார். பேர் வெட்டுவார்கள் என்று பயந்தேனே, அதுவும் நடக்கவில்லை. கவ்வாத்துக்காரர்களின் கத்திகளைத் தீட்டிக் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். காலை எடுத்த கத்திக்கே சாணை பிடிக்கிறேன் பார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

யாருடைய கேட்டலுக்குப் பதில் வந்தது? விடாமல் கேட்ட எனக்கா, குறைத்துக் கேட்ட அவளுக்கா? நான் நிறுத்திய அந்த நாட்களில் ஆண்டவர் என்ன செய்துகொண்டிருந்தார்? உபதேசியாரிடம் கேட்டேன். நீளமாக விளக்கினார். தலையாட்டிவிட்டு வந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, இரண்டு பேரும் பேசிவைத்துக் கேட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்குமே என்று கேலி செய்தார். பிறகு எழுந்து, கோலைத் தட்டிக்கொண்டு அக்காவின் வாசல் வரைக்கும் போய், கும்பிட்டுவிட்டு வந்தார்.

எனக்கு வயதாகிவிட்டது, குழப்பம் தீரவில்லை. ஆனால் நான் கைவிட்ட செபத்தை அந்தப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தவள் தனியாகச் செபம் சொல்லவே தெரியாதவள் என்பதை நினைக்கும்போதெல்லாம், தனியாக இருக்கிற நாளிலும் முதல் பாதியைச் சுவருக்கு அப்பால் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன்.