ஏறிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஆற்றோரம் இருந்த எங்கள் வீடுகளை எடுத்துவிட்டு, அல்லிநகரம் தாண்டி அரசு கட்டிய மாடிக் குடியிருப்பில் எங்களைக் குடிவைத்தார்கள். ஆற்றோரத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அண்ணனுக்கும் எனக்கும் இங்கே எதிரெதிர் வாசல். அவர் பேசுவார், நான் கேட்பேன். அப்படியே பழகிவிட்டது. அவர் குடியிருப்போர் சங்கத் தலைவரானார். நான் சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கசிந்தது. கழுவி, உள்ளே பூசி, மூடி போட்டுத் தர ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். குடியிருப்பவர் ஒருவர் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்ததாக அரசு அலுவலகம் ஒப்புக்கொள்ளும். அண்ணன் என் பெயரைச் சொல்லியிருந்தார்.

நான் ஆட்டோவில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் படிவத்தோடு வந்துவிட்டார். கூடவே ஒப்பந்தக்காரரும்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு தம்பி. இங்கன ஒரு கையெழுத்து."

"ஒரு எட்டு ஏறிப் பாத்துட்டு வந்துரவாண்ணே?"

"ஏன், நான் பாத்தது பத்தாதா? ஒங் கண்ணு என்ன பூதக்கண்ணாடியா?"

ஒப்பந்தக்காரரும் சேர்ந்து சிரித்தார். தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகியவர் பார்த்தேன் என்று சொன்ன பிறகு, போய்ச் சரிபார்ப்பது எங்கள் பக்கம் முகத்தில் அடிப்பது போல. படிவத்தையாவது படித்திருக்கலாம். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவர்களை நிற்க வைத்துப் படிக்க வெட்கமாக இருந்தது. போட்டுவிட்டேன்.

மழை ஓய்ந்த பிறகு குழாய்த் தண்ணீர் நாறியது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வயிற்றுப்போக்கில் படுத்தது. மூன்றாம் மாடியில் துணி தைக்கும் தங்கச்சி ஒருத்தி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, படிவத்தின் நகலை வாங்கிவிட்டாள். சங்கக் கூட்டத்தில் அதை விரித்துப் பிடித்தாள்.

"மூடி போட்டாச்சுன்னு இதுல இருக்கு. மேல மூடியும் இல்ல, பூச்சும் இல்ல. செத்த புறா மெதக்குது. யாரு ஏறிப் பாத்தாக?"

அண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்கிட்ட ஏம்மா கேக்குற? நான் அந்தப் பக்கமே போகல. பாத்துக் கையெழுத்துப் போட்டவரு இந்தா உக்காந்திருக்காரு. அவரக் கேளு."

இத்தனை வருடம் தம்பி என்றவர், அன்று 'அவரு' என்றார். எதையும் கேட்கமாட்டான், யார் கேட்டாலும் சொல்லமாட்டான் என்றுதான் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"என்னண்ணே, வாயில கொழுக்கட்டையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பேசாதவுகளத்தான் நம்பக் கூடாதுங்கிறது" என்றது இன்னொன்று.

எழுந்து நின்றேன். "நான் ஏறவே இல்ல. அண்ணந்தான் பாத்தேன்னு சொன்னாக. நம்பிப் போட்டேன்."

"பொய்யி!" என்று கத்தினார் அண்ணன்.

தங்கச்சி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். "அப்ப ஒங்க கையெழுத்தும் பொய்தானண்ணே?"

"ஆமா தாயி."

"அத எழுதித் தருவீகளா? அப்பத்தான் வேலைய மறுபடி செய்ய வைக்க முடியும். ஆனா ஒங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாக."

பேனாவை வாங்கினேன். ரேஷன் கார்டிலிருந்து வங்கிக் கணக்கு வரை எனக்கு எல்லாப் படிவமும் அண்ணன்தான் நிரப்பித் தருவார். அன்று நானே எழுதினேன். அவர் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் வரவேண்டிய இடத்தில் கை நின்றது. பிறகு அதையும் எழுதினேன்.