மூடாத ஃபைல்

டைப்பிங் கடையில் அவளுக்குக் கன்ட்ரோல் அக்கா என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கிடைத்த மவுஸ், இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் போகும். இதோ மாற்றித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அவள் மவுஸே இல்லாமல் வேலை செய்யப் பழகிவிட்டாள். இடது சுண்டுவிரல் கன்ட்ரோல் பொத்தானிலேயே குடியிருக்கும். ஆய்வேட்டைத் தொலைத்துவிட்டு அழாத குறையாக வரும் மாணவிகளுக்காகக் கறுப்புத் திரையைத் திறந்து ஒற்றை வரிக் கட்டளை அடிப்பாள். எழுத்துகள் மளமளவென்று ஓடும். தொலைந்தது ஏதோ ஒரு ஃபோல்டரிலிருந்து தலைகாட்டும். “பேங்க்கை உடைக்கிறீங்களாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். உடைத்திருந்தால் இந்தக் கால் ஆடுகிற நாற்காலியில் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள் அக்கா.

தங்கைக்கும் கணினி பழக்கியவள் அவள்தான். அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: எது நடந்தாலும் முதலில் கன்ட்ரோல் எஸ் அடித்துச் சேமி, பிறகு மூச்சு விடு.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரத்தைக் கண்டால் நடுங்கும் ஒரு புறா, யாருக்கும் தெரியாமல் லிஃப்டில் மாடிக்குப் போய்வருகிற கதையை மகளுக்காக எழுதிக்கொண்டிருந்தார். கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு காலையில் வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அன்றிலிருந்து தங்கை அந்தக் கணினியை அணைக்கவே இல்லை. அந்த ஃபைலை மூடவும் இல்லை. மகள் பள்ளிக்குப் போனதும் எதிரே உட்கார்ந்து படிப்பாள். கடைசி வரியின் ஓரத்தில் அவர் விட்டுப்போன இடத்திலேயே கர்சர் கோடு துடித்துக்கொண்டிருக்கும். அணைத்துவிடு, சூடாகிக் கெட்டுவிடும் என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தங்கை எழுந்து கப்பைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு நாள் மதியம் தங்கை கடைக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அவர் கதை போச்சு.”

“ஃபைலை மூடினியா?”

“இல்ல.”

“மூடாத. எதையும் தொடாத. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு, வர்றேன்.”

அக்கா போய்ச் சேர்ந்தபோது தங்கை உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு எழுத்து. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று மொத்தக் கதையையும் தேர்வு செய்திருக்கிறாள். விரல் தவறி வேறொரு பொத்தானில் பட்டதும் கதை முழுவதும் அந்த ஓர் எழுத்துக்கு இடம் விட்டுவிட்டது.

“அப்புறம் என்ன பண்ணின?”

“சேவ் பண்ணினேன். நீதானே சொன்ன, எது நடந்தாலும் முதல்ல அதுன்னு.”

சேமித்ததில், பழைய கதையின் மேல் அந்த ஓர் எழுத்தே பதிந்துவிட்டிருந்தது. வேறு பிரதி கிடையாது. ஃபைல் திறந்தபடியே இருப்பதால் போனதைத் திரும்ப அழைக்கலாம். ஆனால் மூடியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் பொத்தான்களைக் குனிந்து பார்த்து அடித்தாள். கன்ட்ரோல், இசட்.

கதை அப்படியே வந்து நின்றது.

தங்கை அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். அந்த அசைவில் அக்காவின் விரல் இன்னொரு தரமும் இசட்டில் பட்டது. கடைசி வரியில் ‘துணிந்து’ என்ற சொல் மறைந்து ‘பயந்துகொண்டே’ என்று வந்தது.

“இது அவர் அழிச்சதா?”

“ஆமா. இதை அழிச்சிட்டுத்தான் அதை எழுதியிருக்கார்.”

“இன்னும் பின்னால போக முடியுமா?”

முடியும். ஆனால் அக்கா விவரமானவள். முதலில் ‘துணிந்து’க்குத் திரும்பி, சேமித்து, கறுப்புத் திரையைத் திறந்து பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் இருவரும் பின்னோக்கி நடந்தார்கள். ஒவ்வொரு இசட்டுக்கும் அவர் ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வழியில், அவர் எழுதிவிட்டு நீக்கியிருந்த ஒரு வரி எழுந்து வந்தது:

‘அம்மாப் புறாவுக்கு லிஃப்ட் என்றாலே ஆகாது. படியேறி வந்து, மூச்சு வாங்க வாங்கத் திட்டும்.’

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் போன பிறகு அக்கா கேட்கிற முதல் சிரிப்பு.

“நான்தானே இது. பயந்துட்டு அழிச்சிருக்கார் பாரு.”

மறுபடி முன்னோக்கி வரும்போது தானே அடிப்பதாகத் தங்கை சொன்னாள். கன்ட்ரோல், ஒய். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, அவரே உட்கார்ந்து தட்டுவதுபோல. கடைசிச் சொல் வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்தாள். இன்னும் ஒரு தரம் அடித்தால், தங்கையின் பிழையும் திரும்பி வந்துவிடும்.

“போதும்டி. அவர் எழுதினது இவ்வளவுதான்.”

துடிக்கும் கோட்டைத் தங்கை விரலால் காட்டினாள். இந்த இடத்தில் நான் ஒரு எழுத்து அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பிழைக்குப் போகும் வழி அதோடு மறைந்துவிடும், கதை அப்படியே இருக்கும் என்றாள் அக்கா.

“அப்போ கொஞ்சம் தள்ளு.”

அவள் இரண்டு விரல்களால், தேடித் தேடி அடித்தாள். அக்கா அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, அம்மாப் புறா முதல் மாடிவரை ஏறியிருந்தது.